‘பரவிடுச்சு’ என்றால் எதுவரைக்கும்?

போன இதழில் இருமலுக்கு ஆடாதொடைக் கஷாயம் எழுதியபோது, “இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நிற்கவில்லையென்றால் கஷாயத்தை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம், டாக்டரிடம் காட்டிவிடுங்கள்” என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தேன். கஷாயம் எப்படி இருந்தது என்று ஒருவர்கூட எழுதவில்லை. அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கடிதங்கள்!

அவற்றில் ஆம்பூர்ச் சகோதரி ஒருவரின் கடிதம் என்னை ரொம்பவும் கலக்கிவிட்டது. அவர் கணவர் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். நுரையீரலில் கட்டி என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். “நெறிக்கும் பரவிடுச்சாம். பரவின பிறகு வைத்தியம் எதுக்கு, இருக்கிற நாளை நிம்மதியா வெச்சுக்கோங்கன்னு சொந்தக்காரங்க எல்லாம் சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?” என்று கேட்டிருக்கிறார்.

நான் டாக்டர் இல்லை. எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்தியவள். ஆனால் என் நாத்தனாருக்கு இதே வியாதி வந்து, சோளிங்கருக்கும் வேலூருக்குமாக இரண்டு வருஷம் அலைந்ததில், நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொண்டது நிறைய இருக்கிறது. புரியாததை எல்லாம் டாக்டரிடம் வெட்கப்படாமல் திரும்பத் திரும்பக் கேட்டேன். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நாத்தனாரை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். பீடி, சிகரெட் அவர் பக்கமே போகாது. பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் ஆண்கள் விட்ட புகையும், முப்பது வருஷம் விறகடுப்பில் ஊதிய புகையும்தான் அவர் கண்டது. பிள்ளைகள் வளர்ந்த பிறகு ஷூ கம்பெனியில் தையல் வேலைக்குப் போனார். ஒவ்வொரு கார்த்திகை ஞாயிற்றுக்கிழமையும் பெரிய மலையின் 1305 படியையும் நிற்காமல் ஏறுகிறவர், 2023 கார்த்திகையில் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். (ரோப் கார் அப்போது ஓடவில்லை. 2024 மார்ச்சில்தான் வந்தது.) எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்ததும், எங்கள் பக்கத்து டாக்டர் ஒருவர் சளியைப் பரிசோதிக்காமலே டி.பி. என்று மாத்திரை ஆரம்பித்துவிட்டார். இரண்டு மாதம் அதில் போயிற்று. நம் நாட்டில் நுரையீரல் புற்றுநோய் பல பேருக்கு இப்படி டி.பி. என்ற பெயரிலேயே வளர்ந்துவிடுகிறது. டி.பி. மருந்து சாப்பிட்டும் இருமல் குறையாமல், எடையும் குறைந்துகொண்டே போனால், அடுத்த சோதனைக்கு நீங்களே கேளுங்கள்.

வேலூரில் ஸ்கேன் எடுத்தார்கள். வலது நுரையீரலில் கட்டி, மார்புக்கு நடுவில் நிணநீர் முடிச்சுகள் வீங்கியிருக்கின்றன என்று வந்தது. அன்று ராத்திரி வீட்டில் கூடிக்கூடிப் பேசினோம். பெரியவர்கள் எல்லாம், “பரவிடுச்சு, இனிமே உடம்பை வதைக்க வேண்டாம்” என்றார்கள். அண்ணிக்குத் தெரியக் கூடாது என்று சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசியும், அவர் காதில் விழுந்திருக்கிறது. கதவைத் திறந்துகொண்டு வந்து, “பரவிடுச்சு பரவிடுச்சுன்னு குசுகுசுன்னு பேசறீங்களே, எதுவரைக்கும் பரவியிருக்குன்னு யாராச்சும் டாக்டரைக் கேட்டீங்களா?” என்றார். யாரும் கேட்டிருக்கவில்லை.

ஆம்பூர்ச் சகோதரியே, நீங்களும் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

கையில் புண் வந்தால் அக்குளிலும், காலில் புண் வந்தால் தொடை இடுக்கிலும் நெறி கட்டுகிறதல்லவா? அந்த நெறிதான் நிணநீர் முடிச்சு. உடம்பு முழுவதும் இவை இருக்கின்றன. நுரையீரலுக்கு உள்ளேயும், மூச்சுக் குழாயைச் சுற்றியும் வரிசையாக இருக்கின்றன. டாக்டர்கள் இவற்றுக்கு 1 முதல் 14 வரை நம்பர் போட்டு ‘ஸ்டேஷன்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு இது சௌகரியமாகப் போயிற்று. அரக்கோணத்தில் ஏறினவன் சோளிங்கரில் இறங்கினானா, வாலாஜா ரோட்டில் இறங்கினானா, காட்பாடி தாண்டியே போய்விட்டானா என்று கேட்பது போலத்தான் இதுவும்.

கட்டி இருக்கும் நுரையீரலுக்குள்ளேயோ, அதன் வாசலிலோ உள்ள முடிச்சோடு நின்றிருந்தால் அது முதல் வகை. அதே பக்கமாக மார்பின் நடுப்பகுதிக்கு வந்திருந்தால் இரண்டாவது வகை. எதிர்ப் பக்கத்து முடிச்சுக்கோ, காறை எலும்புக்கு மேலே கழுத்தடிக்கோ போயிருந்தால் மூன்றாவது வகை. இந்த மூன்றுமே ஈரலுக்கும் எலும்புக்கும் மூளைக்கும் போனதற்குச் சமமல்ல. அங்கெல்லாம் போனால்தான் நாலாவது கட்டம். முடிச்சோடு நின்றிருக்கும்வரை, உடம்பில் தெம்பு இருந்தால், வியாதியை அடியோடு ஒழிப்பதையே நோக்கமாக வைத்து டாக்டர்கள் சிகிச்சை தருகிறார்கள். மூன்றாவது வகைக்கும் அதே நோக்கம்தான். எல்லோருக்கும் பலிக்கிறது என்று நான் சொல்லவில்லை. முயற்சிக்கு இடம் இருக்கிறது என்கிறேன்.

ஸ்டேஷனை எப்படிக் கண்டுபிடிப்பது? பெட் ஸ்கேன் என்று ஒன்று எடுப்பார்கள். புற்று உள்ள இடம் அதில் விளக்குப் போட்டது போல் பளிச்சென்று தெரியும். மூளைக்குத் தனியாக எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். இங்கேதான் ஒரு விஷயத்தை நன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பெட் ஸ்கேனில் பளிச்சென்று தெரிவதெல்லாம் புற்று அல்ல. எப்போதோ வந்து போன டி.பி.யும் அப்படித் தெரியும். அண்ணிக்கு இடது பக்கத்திலும் ஒரு முடிச்சு மின்னியது. அது புற்றாக இருந்தால் மூன்றாவது வகை. டாக்டர் அதை அப்படியே நம்பாமல், மயக்கம் கொடுத்து வாய் வழியாக மூச்சுக் குழாய்க்குள் ஒரு குழாயை விட்டு, அதன் நுனியில் உள்ள ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு முடிச்சிலும் ஊசி குத்தித் துளித்துளியாக எடுத்தார். ‘ஈபஸ்’ என்று பெயர். இடது பக்க முடிச்சில் புற்று இல்லை. கரி! விறகடுப்புப் புகை போய் உட்கார்ந்த கரி. அண்ணியின் மாமியார் வீட்டு அடுப்பு முப்பது வருஷம் கழித்து ஸ்கேனில் வந்து நின்றது. வலது பக்கத்தில் இரண்டு முடிச்சில் மட்டும் புற்று இருந்தது. ஆக, இரண்டாவது வகை. ஊசிப் பரிசோதனை இல்லாமல் ஸ்கேனை மட்டும் பார்த்து முடிவு கட்டியிருந்தால் கணக்கே மாறியிருக்கும். உங்கள் வீட்டிலும் இது செய்தாயிற்றா என்று கேளுங்கள்.

எடுத்த சதையை வைத்து இன்னும் சில சோதனைகள் செய்வார்கள். முதலில் அது ‘ஸ்மால் செல்’ என்ற சீக்கிரம் வளரும் வகையா, மற்ற வகையா என்று பார்ப்பார்கள். ஸ்மால் செல் என்றால் பெரும்பாலும் ஆப்பரேஷன் கிடையாது, கீமோவும் கரண்டும்தான். மற்ற வகையென்றால் ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. என்று சில மரபணு மாற்றங்கள் உண்டா என்றும், பி.டி.எல்.-1 என்ற ஒன்றின் அளவையும் பார்ப்பார்கள். வாயில் நுழையாத பெயர்கள்தான், ஆனால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் மேல்நாட்டாரைவிட நம் ஆசியா கண்டத்து மக்களுக்கு அதிகம். அதிலும் புகை பிடிக்காத பெண்களுக்கு அதிகம். இதற்கு மாத்திரை இருப்பதால், சோதனை முடிவு வருமுன் பெரிய தீர்மானம் எதுவும் வேண்டாம். முடிவு வர இரண்டு மூன்று வாரம் ஆகலாம். அந்த நாட்கள் போவதுதான் கஷ்டம்.

சரி, வைத்தியத்துக்கு வருவோம்.

முதல் வகைக்கு, உடம்பு தாங்குமானால் ஆப்பரேஷன்தான். கட்டி உள்ள நுரையீரல் பாகத்தையும் முடிச்சுகளையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள். பிறகு பெரும்பாலும் நாலு சுற்றுக் கீமோ. இப்போது, ஆப்பரேஷனுக்கு முன்பே கீமோவோடு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் ‘இம்யூனோதெரபி’ ஊசியையும் மூன்று நாலு தடவை போட்டுக் கட்டியைக் கரைத்துவிட்டு அறுக்கும் முறையும் வந்துவிட்டது. 2022-ல் வெளியான ஆராய்ச்சியில், அப்படிச் செய்தவர்களில் நூற்றுக்கு 24 பேருக்கு, ஆப்பரேஷன் செய்து பார்த்தபோது உயிருள்ள புற்றணு ஒன்றுகூட மிச்சமில்லையாம். கீமோ மட்டும் போட்டவர்களில் அப்படி இருந்தவர்கள் 2 பேர்தான். நடு மார்பு முடிச்சு ஒன்றிரண்டு மட்டும் சிறிதாக இருந்தால் அவர்களுக்கும் இந்த வழியை யோசிப்பார்கள். ஈ.ஜி.எஃப்.ஆர். உள்ளவர்களுக்கு ஆப்பரேஷனுக்குப் பிறகு ஒசிமெர்டினிப் என்ற மாத்திரை மூன்று வருஷம்.

நடு மார்பில் பல முடிச்சுகளில் இருந்தாலோ, எதிர்ப் பக்கம் போயிருந்தாலோ ஆப்பரேஷனால் பிரயோஜனம் குறைவு. அப்போது கரண்டு வைப்பதும் கீமோவும் ஒரே சமயத்தில். (கதிர்வீச்சை நம் ஊரில் கரண்டு வைப்பது என்றுதானே சொல்கிறோம். ஷாக் எதுவும் அடிக்காது, பயம் வேண்டாம்.) வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு வாரம், மொத்தம் 30 தடவை என்பது வழக்கமான கணக்கு. இரண்டையும் சேர்த்துத் தருவது ஒன்றன் பின் ஒன்றாகத் தருவதைவிட நல்ல பலன் தருகிறது, உடம்புக்குச் சிரமமும் அதிகம். உடம்பு ரொம்பத் தளர்ந்தவர்களுக்குத் தனித்தனியாகவோ, கரண்டு மட்டுமோ தருவார்கள்.

அதோடு முடிந்துவிடுவதில்லை. கட்டி அடங்கியிருந்தால் டுர்வாலுமாப் என்ற இம்யூனோதெரபி ஊசி ஒரு வருஷம். இது 2017-ல் வந்த பெரிய மாறுதல். ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தபோது, ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு 43 பேர் உயிரோடு இருந்தார்கள், போடாதவர்களில் 33 பேர். பத்துப் பேர் வித்தியாசம் சின்னதாகத் தோன்றலாம். அந்தப் பத்துப் பேரில் ஒருவர் நம் வீட்டுக்காரர் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆனால் ஈ.ஜி.எஃப்.ஆர். உள்ளவர்களுக்கு இந்த ஊசி அவ்வளவாகப் பலன் தருவதில்லை. அவர்களுக்கும் அந்த ஒசிமெர்டினிப் மாத்திரைதான். கரண்டு முடிந்த பிறகு தினம் ஒன்று சாப்பிட்டவர்களுக்கு நோய் தலைதூக்காமல் இருந்த காலம் சராசரி 39 மாதம், சாப்பிடாதவர்களுக்கு ஐந்தரை மாதம் என்று 2024-ல்தான் வெளியாயிற்று. அண்ணிக்குக் கரண்டு வைத்துக்கொண்டிருந்த அதே வருஷம்! டாக்டரே, “உங்க நேரம் நல்லாயிருக்கும்மா” என்றார். சோதனையில் அண்ணிக்கு ஈ.ஜி.எஃப்.ஆர். இருந்தது.

இனி நம் இலாகாவுக்கு வருகிறேன், அதாவது சமையலறைக்கு.

கரண்டு வைக்கிற மூன்றாவது வாரம் வாக்கில் விழுங்கும்போது நெஞ்சில் எரிச்சல் ஆரம்பிக்கும். முடிச்சுகள் இருக்கும் அதே நடு மார்பில்தான் உணவுக் குழாயும் போகிறது, அதுவும் வெந்துபோகிறது. “தொண்டையில மிளகாய் அரைச்சுப் பூசின மாதிரி இருக்கு” என்பார் அண்ணி. இந்தச் சமயத்தில்தான் பலர் போதும் என்று நடுவில் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தவே கூடாது. நாள் இடைவெளி விழுந்தால் சிகிச்சையின் பலன் குறையும். டாக்டரிடம் சொன்னால் விழுங்குவதற்கு முன் குடிக்க மரத்துப்போகும் மருந்து தருவார்.

மிளகாய், புளி, காரக் குழம்பு, சுடச்சுடக் காப்பி எல்லாவற்றையும் ஒதுக்கினோம். ஆறின கேழ்வரகுக் கூழில் மோர் விட்டு, உப்புக் குறைத்துக் கொடுத்தேன். இட்லியைப் பாலில் ஊறவைத்து மசித்து, பொட்டுக்கடலை மாவுக் கஞ்சி, குழைத்த பருப்பு சாதத்தில் நெய், அவித்த முட்டையை மசித்துத் தயிரோடு. ஒரே வேளையில் தட்டு நிறைய வைக்காமல், இரண்டு மணிக்கு ஒரு தடவை சின்னக் கிண்ணத்தில். எடை குறையாமல் பார்த்துக்கொள்வதும் சிகிச்சைதான். அண்ணிக்கு ஆறு வாரத்தில் இரண்டு கிலோதான் குறைந்தது. நர்ஸ் என்னைப் பார்த்துச் சிரித்தாள், எனக்கு அதுவே பரிசு.

மார்பில் கோடு போட்டிருப்பார்கள். அந்த இடத்தில் மஞ்சள், எண்ணெய், விபூதி எதுவும் டாக்டரைக் கேட்காமல் தடவாதீர்கள். கீமோ நடக்கும்போது 100.4 டிகிரிக்கு மேல் ஜுரம் வந்தால் ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், கஷாயம் வைத்துக்கொண்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இன்னொன்று: எல்லாம் முடிந்து ஒன்றிரண்டு மாதம், சிலருக்கு ஆறு மாதம் கழித்துக்கூட, வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் வரலாம். நோய் திரும்பிவிட்டதென்று அழ வேண்டாம். கரண்டினால் நுரையீரலில் வரும் அழற்சியாக இருக்கலாம், மருந்து உண்டு. ஆனால் உடனே காட்ட வேண்டும்.

நாட்டு மருந்து பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஒருவர் எங்களுக்கும் ஒரு பொடி கொண்டுவந்து கொடுத்தார். “அக்கா, இதுல எல்லாம் கரைஞ்சிடும்” என்றார். அவர் மனம் நோகாமல் வாங்கி, அலமாரியில் வைத்துவிட்டேன். கீமோ நடக்கும்போது டாக்டருக்குத் தெரியாத எந்தப் பொடியும் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கலாம். இதில் என் அபிப்ராயம் கறார்தான்.

பணம். இதைப் பேசாமல் இருக்க முடியுமா? கரண்டு, கீமோ, ஆப்பரேஷன் எல்லாவற்றுக்கும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உதவுகிறது. உங்கள் கணவருக்கு இ.எஸ்.ஐ. இருந்தால் அதையும் விசாரியுங்கள். காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசாங்கத்தின் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. அண்ணா புற்றுநோயால் மறைந்த 1969-லேயே ஆரம்பித்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி. எல்லாம் நமக்குத் தெரிந்தவை. ஆறு வாரம் தினம் போக வேண்டியிருப்பதால், பெரிய பெயரைவிடப் பஸ் தூரம் முக்கியம். நாங்கள் வேலூரில் சின்ன அறை ஒன்று வாடகைக்கு எடுத்துத் தங்கினோம். பஸ்ஸில் குலுங்கிப் போய்வர அண்ணியால் முடிந்திருக்காது.

மாத்திரையும் ஊசியும்தான் மலைப்பு. 2024 ஜூலை மத்திய பட்ஜெட்டில் ஒசிமெர்டினிப், டுர்வாலுமாப் இரண்டுக்கும் இறக்குமதித் தீர்வையை நீக்கினார்கள், அப்படியும் நம் போன்றவர்கள் கைக்கு எட்டுகிற விலை இல்லை. விலையைக் கேட்டு அண்ணியின் மகன் வெளியே போய் நின்றுகொண்டான். கம்பெனிகள் சில பெட்டி வாங்கினால் மீதியை இலவசமாகத் தரும் திட்டங்கள் வைத்திருக்கின்றன என்று ஆஸ்பத்திரி சமூக சேவகிதான் சொன்னார். நாமாகப் போய்க் கேட்டால்தான் தெரியும். அண்ணியின் நாலு வளையலும், எங்கள் வீட்டுக்காரர் எடுத்த பி.எஃப். பணமும் சேர்ந்து முதல் பெட்டிகள் வந்தன. “வளையலை நான் போட்டுக்கிட்டு மேல போகவா போறேன்?” என்று அண்ணியே கழற்றிக் கொடுத்தார். ஒரு வருஷத்துக்கு மேலாகத் தினம் ஒரு மாத்திரை. முகத்தில் சிறு கொப்புளம், நகக்கண் வெடிப்பு, அவ்வப்போது வயிற்றுப்போக்கு உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்கேன். அந்த வாரம் முழுக்க யாரும் யாரோடும் சரியாகப் பேசமாட்டோம். இதுவரை கட்டி வளரவில்லை.

உங்கள் கணவர் என்ன வேலை செய்தார் என்பதையும் டாக்டரிடம் விவரமாகச் சொல்லுங்கள். தோலைப் பதனிடும் குரோமியம் ஒரு வகை, குரோமேட் தொழிற்சாலைகளில் உண்டாகும் ஆறிணைதிறன் குரோமியம் வேறு வகை. இந்த இரண்டாவதுதான் நுரையீரல் புற்றை உண்டாக்கும் என்று உறுதியானது. ராணிப்பேட்டையில் மூடிப்போன ஆலை விட்டுச்சென்ற கழிவு மேடு எந்த ரகம் என்று நம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பீடி பிடிக்கிறாரென்றால் இப்போதாவது விடட்டும். நோய் வந்த பிறகு விட்டாலும் சிகிச்சை நன்றாகக் கேட்கும்.

நம் ராணிப்பேட்டை மாவட்டத்தில் 2023-லிருந்து வீடு தேடி வந்து புற்றுநோய்ப் பரிசோதனைக்கு அழைக்கிறார்கள், அவசியம் போங்கள். ஆனால் அது வாய், மார்பகம், கருப்பை வாய் மூன்றுக்குத்தான். அதில் ‘ஒன்றுமில்லை’ என்று வந்ததால் இருமலை அலட்சியம் செய்துவிடாதீர்கள்.

கடைசியாக, குடியாத்தத்திலிருந்து ஒரு மருமகள் எழுதியிருக்கிறாள். மாமனார் கரண்டு வைத்துக்கொண்டு வருகிறாராம். அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்து, இரண்டு வயதுக் குழந்தையை அவர் பக்கம் விடாமல் வைத்திருக்கிறார்களாம். “குழந்தைக்கு ஏதாவது ஆகுமா, அத்தை?” என்று கேட்கிறாள். புற்றுநோய் ஒட்டுவாரொட்டி அல்லம்மா. வெளியே மெஷினிலிருந்து வைக்கும் கரண்டு அறையைவிட்டு அவரோடு கூட வராது. கீமோ போட்ட இரண்டு நாளைக்கு மட்டும் கக்கூஸில் தாராளமாகத் தண்ணீர் ஊற்றச் சொல், அவர் வாந்தி எடுத்தால் கையுறை போட்டுத் துடை. குழந்தைக்குச் சளி, ஜுரம் இருக்கும்போது தள்ளி வை. அதுவும் குழந்தைக்காக இல்லை, அவருக்காக. மற்ற நாளில் டம்ளரைச் சேர்த்தே கழுவு. அவர் மடியில் பேரனை உட்கார வை.